கம்பி மேல் உயிர்

சென்னைத் துறைமுகத்துக்குள், ராட்சதக் கப்பல்களுக்குப் பக்கத்தில், 1911-ல் ஆரம்பித்த ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பின் குட்டிப் படகுகள். பெயர்தான் பாய்மரம், ஆள் அலுமினியம்! அதை நிமிர்த்திப் பிடிப்பது பென்சில் கனம்கூட இல்லாத ஸ்டீல் கம்பிகள்.

பளபளப்பை நம்பாதீர்கள். துணியால் துடைத்துப் பாருங்கள். நூல் மாட்டினால் இழை அறுந்திருக்கிறது. கம்பியை மாற்ற வேண்டியதுதான். உப்புத் தண்ணி தங்கும் முனைகளிலும் விரிசல் விழும். மரம் நிற்கும்போது ஒவ்வொன்றாகத்தான் கழற்றணும். மொத்தமாகக் கழற்றினால் மரம் உங்கள் தலையில்! புதுக்கம்பி மாட்டியதும் இருபுறத் திருகுகளையும் சமமாக முறுக்கி, அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தால் மரம் பக்கவாட்டில் சாயக்கூடாது. திருகு தானே கழலாமலிருக்க ஸ்ப்ளிட் பின் முக்கியம் சார்!

2018 செப்டம்பரில் இந்தியப் பெருங்கடல் புயலில் பாய்மரம் முறிந்து, முதுகொடிந்து, மூன்று நாள் தனியே கிடந்தார் அபிலாஷ் டோமி. புயலை நம்மால் முறுக்கி வைக்க முடியாது. கம்பியை முடியும்.