நாண் ஒலி

வேட்டைக்காரன் பேச்சை நம்பாதே என்பது எல்லா நாட்டிலும் உள்ள எச்சரிக்கை. நான் அதில் ஒரு சின்னத் திருத்தம் செய்துகொள்வேன். அடித்த விலங்கைப் பற்றி அவன் சொல்வதை நம்ப வேண்டாம். தப்பிய விலங்கைப் பற்றிச் சொல்வதைத் தாராளமாக நம்பலாம். அடித்த புலி ஆண்டுக்கு ஆண்டு அரை அடி நீண்டுகொண்டே போகும். தப்பிய மானோ அன்று நின்ற இடத்தில், அன்று திருப்பிய தலையோடு, அப்படியே நிற்கும். அதை அவனால் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

அண்ணனூரில் உட்கார்ந்துகொண்டு வேட்டையைப் பற்றிப் பேச உமக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. எங்கள் ஊரில் மான் கிடையாது. திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் நடுவே இருக்கும் இந்த ஊரில் இருப்பவை மின்சார ரயில்கள். பகலெல்லாம் ஓடிய வண்டிகள் இங்கே உள்ள கார் ஷெட்டுக்கு வந்து இளைப்பாறுகின்றன. மானைப் பார்க்க வேண்டுமானால் கிண்டிக்குப் போக வேண்டும். 1978-இல் தேசியப் பூங்காவான அந்தக் காட்டின் பரப்பு மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லை. ஆனாலும் புள்ளிமானும் வெளிமானும் நகரத்தின் இரைச்சலுக்கு நடுவே அங்கே மேய்கின்றன. பார்க்கத்தான் முடியும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மானின் மேல் அம்பு விட்டவன் போய்ச் சேரும் இடம் சிறைச்சாலை.

இருந்தும், வில்லும் அம்புமாக மான் வேட்டைக்குப் போகிற ஒருவனை எனக்குத் தெரியும். என் அடுத்த வீட்டுப் பெரியவரின் ஒரே மகன்.

பெரியவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அசல் சைவர். முட்டை விற்கும் கடையில் தீப்பெட்டிகூட வாங்க மாட்டார். பௌர்ணமி தவறாமல் திருமுல்லைவாயில் கொடியிடை நாயகி சந்நிதியில் அவரைப் பார்க்கலாம். மகன் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் மோட்டார்த் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளன். தாயார் காலமாகி ஐந்தாறு வருஷங்கள் ஆகின்றன. அதற்குப் பின் மகன் ஊருக்கு வருவதே அபூர்வம். வந்தாலும் அந்த வீட்டில் சுவர்க் கடிகாரத்தின் சத்தம்தான் கேட்கும். தந்தையும் மகனும் ஒரே கூடத்தில் இரண்டு பயணிகளைப் போல உட்கார்ந்திருப்பார்கள். அந்த மௌனம் தாங்காமல் போகும்போது பெரியவர் மதில் மேலாக என்னைக் கூப்பிடுவார்: "சார், சும்மாதானே இருக்கீங்க? கொஞ்சம் வந்துட்டுப் போங்களேன்."

அப்படிப் போன ஒரு பொங்கல் சமயத்து இரவில்தான் விஷயம் வெளிப்பட்டது. மகன் தன் கைபேசியிலிருந்த படங்களை எனக்குக் காட்டிக்கொண்டிருந்தான். பெரியவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"இது என்னடா?"

"வில்லுப்பா."

"யாரோடது?"

"என்னோடதுதான்."

"எதுக்கு?"

"மானுக்கு."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா சார்?" என்றார். அதற்கு மேல் அவருக்கு வார்த்தை வரவில்லை.

"நாலு வருஷமாப் போறேன்பா. இன்னும் ஒண்ணுகூட விழலை" என்றான் மகன், சமாதானம் சொல்கிறவன் போல.

மகன் கொலைக்குத் துணிந்துவிட்டான் என்று வருந்துவதா, நாலு வருஷமாக முயன்றும் முடியாதவன் என்று வருந்துவதா என்று தெரியாமல் தந்தை தவித்ததை அன்று நான் நேரில் கண்டேன். எனக்கோ அந்த நாலு வருஷத்தின் மேல் ஆசை விழுந்துவிட்டது. "விவரமாகச் சொல்லு தம்பி" என்றேன்.

அவன் சொன்னவற்றைச் சுருக்கித் தருகிறேன். அங்கே வில் வேட்டைக்கென்று தனிப் பருவம் உண்டு. அக்டோபர் முதல் தேதி தொடங்கும். நவம்பர் பதினைந்தாம் தேதி துப்பாக்கிக்காரர்கள் வந்துவிடுவார்கள். அதற்கு முந்திய ஆறு வாரம் வில்லாளிகளுடையது. விடிவதற்கு முன்பே போய், மரத்தில் பதினைந்து இருபது அடி உயரத்தில் கட்டிய சின்ன மேடையில் ஏறி உட்கார வேண்டும். உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான், இருமக்கூடாது, காலை மாற்றிப் போடக்கூடாது. துப்பாக்கிக்குத் தூரம் ஒரு பொருட்டல்ல. வில்லுக்கு, அதுவும் மனச்சாட்சியுள்ளவனின் வில்லுக்கு, முப்பது கஜம்தான் எல்லை. ஆகவே மானைத் தேடிப் போவதில்லை; அது தானாக வந்து, நம் மூச்சுக் காற்று படும் தூரத்தில் நிற்க வேண்டும்.

முதல் வருஷம் ஒரு கொம்பன் வந்தது. நாற்பது அடி தூரம். வில்லை உயர்த்தும் நேரத்தில் அவன் பிடரியில் ஜில்லென்று காற்று பட்டது. அவ்வளவுதான், காற்று திரும்பிவிட்டது. மான் மூக்கைத் தூக்கிற்று. அடுத்த கணம் வெள்ளை வால் மட்டும் புதருக்குள் கொடி போல ஆடிக்கொண்டு போயிற்று.

இரண்டாம் வருஷம் அம்பை விட்டே விட்டான். குறியில் பிசகில்லை. ஆனாலும் அம்பு முதுகுக்கு மேலே பறந்து போய் மண்ணில் குத்திக்கொண்டது. ஏன் என்று கேட்டேன். அதற்கு அவன் சொன்ன பதிலை நான் இன்றுவரை மறக்கவில்லை.

"அம்புக்கு முன்னாடி நாண் சத்தம் போயிடும் சார். இப்ப இருக்கிற கப்பி வெச்ச வில்லுலகூட அம்பு நொடிக்கு முந்நூறு அடிக்குள்ளதான் போகும். சத்தம் ஆயிரத்து நூறு அடி போகும். தொண்ணூறு அடி தூரத்துல மான் நின்னா, சத்தம் பத்துல ஒரு பங்கு நொடிக்குள்ள போய்ச் சேரும். அம்பு போய்ச் சேர நொடியில மூணுல ஒரு பங்கு ஆகும். அந்த இடைவெளி போதும். துள்ளி ஓடறதுக்காக மான் முதல்ல காலை மடக்கிக் குனியும். அது குனியறப்போ அம்பு மேலே போயிடும்."

மூன்றாம் வருஷம் இன்னும் விசேஷம். இருபது கஜத்தில் ஒரு பெரிய கலைமான் வந்து நின்றது; ஆனால் அவனுக்கு நேர் எதிராக நெஞ்சைக் காட்டி நின்றது. நேருக்கு நேர் நிற்கும் மானை எய்தால் அது உடனே விழாது. காயத்தோடு ஓடிப் போய் எங்கோ கிடந்து துடிக்கும். பக்கவாட்டில் திரும்பட்டும் என்று காத்திருந்தான். அது திரும்பவில்லை. சூரியன் மறைந்து அரை மணிக்குள் வேட்டையை நிறுத்திவிட வேண்டும் என்பது சட்டம். அரை மணியும் கழிந்தது. அவன் நாணிலிருந்து அம்பை எடுத்துக் கூட்டில் போட்ட பிறகு அந்த மான் நிதானமாகத் திரும்பி, தன் விலா முழுவதையும் காட்டிக்கொண்டு நடந்து போயிற்றாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பெரியவருக்கு வரவில்லை. "நம்ம ஊர் ஸ்தல புராணம் தெரியுமில்ல உனக்கு?" என்றார். "தொண்டைமானோட யானைக் கால்ல முல்லைக் கொடி சுத்திக்கிச்சு. கொடியைத்தான் வாளால வெட்டினான். ரத்தம் வந்துச்சு. பார்த்தா அடியில சிவலிங்கம். அடியில யார் இருக்காங்கன்னு பார்க்காம ஆயுதத்தை ஓங்கினா இப்படித்தான்."

"அதனாலதான்பா இவ்வளவு கிட்ட போறோம். பார்க்காம விடறதில்லை" என்றான் மகன்.

இரண்டு பேர் சொன்னதும் எனக்குச் சரியாகவே பட்டது. வீட்டுக்கு வந்து படுத்த பின்னும் தூக்கம் வரவில்லை. நம் புராண இதிகாசங்களில் வரும் வில்லாளிகளை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். தசரதன் ஒலியைக் கேட்டே குறி தவறாமல் எய்தான். புத்திர சோகத்தால் இறக்கும் சாபம் பெற்றான். பாண்டு மானை எய்தான். அது மான் உருவில் இருந்த முனிவர், அவனும் சாபம் பெற்றான். இராமன் மாய மானை எய்தான். மான் விழுந்தது, சீதை போனாள். ஜரன் என்ற வேடன் மான் என்று எண்ணி எய்தது கண்ணபிரானின் பாதத்தை. ஒருவராவது குறி தவறியிருக்கக் கூடாதா? தவறியிருந்தால் இரண்டு இதிகாசங்களின் கண்ணீரில் பாதி மிச்சமாகியிருக்குமே!

இதற்கு நேர் மாறானது நம் அகத்துறை. தினைப்புனத்தில் தலைவியும் தோழியும் இருக்கிறார்கள். கையில் வில்லோடு ஓர் இளைஞன் வருகிறான். அம்பு பட்ட மான் ஒன்று இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்கிறான். திருக்கோவையாரில் 'கலைமான் வினாதல்' என்று இதற்குத் தனித் துறையே இருக்கிறது. துப்பாக்கிக் காலத்தில் இப்படி ஒரு துறை தோன்றியிருக்க முடியாது. அம்பு பட்ட மான்தான் ஓடும். ஓடிய மானைத்தான் ஊரார் முகம் பார்த்து விசாரிக்க வேண்டும். உண்மையில் அங்கே மானும் இல்லை, எய்தவனும் இல்லை என்பது தோழிக்குத் தெரியும். கிடைக்காத ஒரு மானைச் சாக்கு வைத்து ஒரு காதல் தொடங்குகிறது. நம் இலக்கியத்தில் தைத்த அம்புகள் குடியைக் கெடுத்தன. தப்பிய மான்கள் குடியைச் சேர்த்து வைத்தன.

முயலை வீழ்த்திய அம்பைவிட யானைக்குத் தப்பிய வேலை ஏந்துவதே இனிது என்று வள்ளுவர் படைச்செருக்கில் சொன்னதை மறுநாள் பெரியவரிடம் எடுத்துச் சொன்னேன். "கொல்லாமை எழுதினதும் அவர்தானே சார்?" என்று அவர் என் வாயை அடைத்துவிட்டார்.

அமெரிக்காவிலேயே இந்தக் கலைக்கு ஒரு வேர் உண்டு. 1911-இல் கலிபோர்னியாவில் ஓரோவில் என்ற ஊரருகே, தன் இனத்தார் அனைவரும் அழிந்துபோன ஒரு பழங்குடி மனிதர் தன்னந்தனியாகக் காட்டைவிட்டு வெளியே வந்தார். யாஹி இனத்தின் கடைசி மனிதர். உலகம் அவரை இஷி என்று அழைத்தது. சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர் அவரிடம் வில் வித்தை கற்றுக்கொண்டார்; 1916-இல் இஷி காலமான பின், 1923-இல் வில் வேட்டையைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். வேட்டைக்கு முந்தின நாள் இஷி மீன் உண்ண மாட்டார், புகை பிடிக்க மாட்டார். விடியற்காலையில் ஓடையில் நீராடி, வாசனைத் தழைகளை உடம்பில் தேய்த்துக்கொள்வார். இலை ஒன்றை உதட்டில் மடித்து வைத்துக் குட்டி மான் கத்துவதைப் போல ஒலி எழுப்பித் தாய் மானை அருகில் வரவழைப்பார். நெருங்குவதற்கு முதலில் நம் வாசனையை, நம் குரலை விட்டுவிட வேண்டும் என்பதுதான் அவருடைய பாடம்.

இதைப் படித்தபோது பெரியவர் வீட்டு மௌனம் எனக்குத் திடீரென்று விளங்கிவிட்டது.

அவருக்கு மகனிடம் கேட்க எவ்வளவோ இருந்தன. ஆனால் ஒவ்வொன்றையும் கேட்பதற்கு முன், "நான் ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?" என்று ஆரம்பிப்பார். நம் வீடுகளில் இந்த வாக்கியத்தைக் கேட்காதவர் யார்? அதற்குப் பின்னால் கல்யாணம் வரலாம், வீட்டுக் கடன் வரலாம், ஊருக்குத் திரும்பி வருவது வரலாம். எது வந்தாலும் மகன் அதற்குள் குனிந்துவிடுவான். "தூக்கம் வருதுப்பா" என்று எழுந்து போய்விடுவான். அம்பு முதுகுக்கு மேலே போய்ச் சுவரில் குத்திக்கொள்ளும். இப்படி எத்தனை வருஷம்! அவன் சொன்ன கணக்கைவிட மோசமான கணக்கு இது.

நான் இதைப் பெரியவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதுவும் ஒரு நாண் ஒலியாகவே போயிருக்கும்.

மகன் புறப்படுவதற்கு முந்தின இரவு மூவரும் திண்ணையில் இருந்தோம். கடைசி வண்டிகள் கார் ஷெட்டுக்குள் போய்க்கொண்டிருந்தன. பெரியவர் இருட்டைப் பார்த்தபடியே, எந்த முன்னுரையும் இல்லாமல் கேட்டார்:

"அந்த மரத்து மேல உக்காந்தா கால் விறைச்சுப் போகாதா?"

மகன் உடனே பதில் சொல்லவில்லை. குனியவும் இல்லை.

"போகும்பா. ரெண்டு சாக்ஸ் போட்டுப்பேன். அப்பவும் விறைக்கும்."

"வெந்நீர் எடுத்துட்டுப் போவியா?"

"வாசனை வரும்னு காப்பி எடுத்துட்டுப் போறதில்லை. வெந்நீர் மட்டும்."

பிறகு அவனே பேசிக்கொண்டு போனான். தாயார் இறந்த செய்தி கேட்டு அவன் வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. திரும்பிப் போன பிறகு பார்க்கிறவர்கள் எல்லோரும் துக்கம் விசாரித்தார்கள். ஒரே கேள்வி, ஒரே பதில். அந்த அக்டோபரில் உடன் வேலை செய்யும் ஒருவர் அவனை முதல் முறையாகக் காட்டுக்கு அழைத்துப் போனார். "அங்க பேசவே கூடாதுப்பா. யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. அதுக்காகத்தான் போனேன். மானுக்காக இல்லை" என்றான்.

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அவ போனப்புறம் நானும் கோயில் பிரகாரத்துல அப்படித்தான் உக்காந்திருந்தேன்" என்றார். அந்த ஒரு வாக்கியம் முப்பது கஜத்துக்குள் இருந்து வந்தது. அதற்கு முன்னால் எந்த ஒலியும் வரவில்லை.

மகன் போய்விட்டான். இப்போதெல்லாம் அக்டோபர் பிறந்தால் பெரியவர் முன்னிரவில் தொலைபேசியோடு உட்கார்ந்துவிடுகிறார். அங்கே அப்போது காலை. சம்பளம், கடன் எதுவும் கேட்பதில்லை. "காத்து எப்படிடா இருந்தது? வந்துச்சா?" என்கிறார். "வந்துச்சுப்பா. போயிடுச்சு" என்று பதில் வந்தால் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். பிறகு அரை மணி நேரம் பேச்சு.

பௌர்ணமி தோறும் கொடியிடை நாயகியிடம் அவர் என்ன வேண்டிக்கொள்கிறார் என்று ஒரு நாள் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார். பையன் இவ்வளவு குளிரில் போய் உட்காருகிறானே, மான் அவன் கண்ணெதிரே வந்து நிற்க வேண்டும் என்பது ஒன்று. அம்பு அதன் மேல் படக்கூடாது என்பது இன்னொன்று. ஒரே சந்நிதியில் ஒன்றுக்கொன்று முரணாக இரண்டு வேண்டுதலா என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் இதுவரை இரண்டும் பலித்து வருகின்றன.