விலையா, வாடகையா?

விற்பனையை அரபு நூல்கள் 'பைஉ' என்னும். வாடகையை 'இஜாரா' என்னும். முன்னதில் பொருளே கைமாறுகிறது. பின்னதில் பயன் மட்டும், அதுவும் குறித்த தவணை வரை. மாணவர்க்கு நாம் முதலில் உரைக்கும் இவ்வேறுபாட்டைக் கைபேசிக் கடைகள் மறைத்துவிட்டன.

2022 ஜூலை 28 அன்று 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்னும் விளையாட்டு, அரசின் உத்தரவால், கூகுள், ஆப்பிள் கடைகளிலிருந்து திடீரென மறைந்தது. ஆடுவோர்க்கு முன்னறிவிப்பில்லை. 2023 மே மாதத்தில் அது மீண்டது.

'தி க்ரூ' என்னும் பந்தய விளையாட்டோ மீளவில்லை. 2014இல் வெளியிட்ட அதனை, யுபிசாஃப்ட் நிறுவனம் 2023 டிசம்பரில் விற்பனையிலிருந்து நீக்கிற்று. 2024 மார்ச் 31இல் அதன் சர்வர்களையும் நிறுத்திற்று. விலை கொடுத்தோரும் ஆட இயலாது போயினர்.

2019இல் புவிசார் குறியீடு பெற்ற நம் திண்டுக்கல் பூட்டை நோக்குங்கள். விற்றவர் சாவியையும் உடன் தருகிறார். பட்டறை மூடினும் பூட்டு நம்முடையதே. மின்கடையோ சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது.

உரிமம் மட்டுமே தருவதாயின் அதனைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குக' என்று எழுதலாகாதெனக் கலிஃபோர்னியா மாநிலம் 2024இல் சட்டமியற்றியது. அது 2025 முதல் நடப்பிலுள்ளது. குறையை மறைத்து விற்றலாகாது என்பது ஃபிக்ஹு நூல்களின் பழம்பாடமன்றோ?

பெற்றோரே, பிள்ளைகள் விளையாட்டுக்குப் பணம் கேட்கையில், 'இது விலையா, வாடகையா?' என்று வினவுங்கள். வாடகையெனில், வாடகைக்குத் தகும் தொகையையே கொடுங்கள்.