ஒன்பது வயதுக் காவல்காரி

வைசியாள் வீதியில் எங்கள் வீட்டுத் திண்ணைக்குச் சாயந்திரம் நாலரைக்கெல்லாம் எதிர்வீட்டுப் பெண் வந்துவிடுவாள். வயது ஒன்பது. "குட்டியை நான் பார்த்துக்கறேன், அத்தை!" என்பாள். எனக்கும் சௌகரியந்தான், நிம்மதியாக அடுப்பங்கரைக்குப் போய்விடுவேன்.

அன்று முற்றத்தில் 'தொப்'பென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், ஒன்றரை வயதுக் குட்டி வாளிக்குள் தலைகீழாக! வாரியெடுத்தேன். அது வீறிட்டு அழுத பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. இரண்டு அங்குலத் தண்ணீர் போதும், குழந்தை மூழ்கிப்போக.

அந்தப் பெண் தூணோரம் நடுங்கிக்கொண்டு நின்றாள். "பந்தை எடுக்கத்தான் போனேன், அத்தை..." திட்ட வாயெடுத்தேன், வரவில்லை. அவளும் குழந்தைதானே! என் பொறுப்பை அவள் தலையில் சுமத்தியது யார்?

இப்போதும் வருகிறாள். விளையாட்டு என் கண்ணெதிரே, கூடத்தில்தான்; இடுப்பில் தூக்கக் கூடாது; வாளிகளைக் கவிழ்த்தே வைக்கிறேன். நான் உள்ளே போனால், குட்டியும் என்னோடு வந்துவிடும்.