கனித்தட்டு

அம்மா பிறந்தது கோவைப் பக்கம். அதனால் ஆவுடையார்கோவிலில் எங்கள் வீட்டிலும் சித்திரை முதல் தேதி கனி காணும் வழக்கம் உண்டு.

போன வருஷம் முந்தின ராத்திரியே தங்கச்சியும் பக்கத்து வீட்டு வாண்டுகளும் நானும் தட்டு அலங்கரித்தோம். கண்ணாடி முன்னே மா, பலா, வாழை, வெற்றிலை பாக்கு, சில்லறைக் காசு, கொத்து வேப்பம்பூ.

"நகை எங்கேம்மா?" என்றாள் தங்கச்சி. சங்கிலி என் ஃபீஸுக்காக அடகில் இருந்தது.

"நம்மூரு ஆத்மநாதருக்கே உருவம் கிடையாது. தட்டுல நகை இல்லேன்னா என்னடி?" என்றார் அம்மா.

தங்கச்சி ஓடிப்போய் என் மார்க் ஷீட்டை எடுத்து வந்து நகை வைக்கும் இடத்தில் வைத்தாள். அதில் ரெண்டு அரியர்ஸ் இருப்பது அவளுக்குத் தெரியாது.

விடியற்காலை என் கண்ணைப் பொத்தி அழைத்துப் போய்த் தட்டின் முன் திறந்தாள். கண்ணாடியில் என் முகம். அதன் கீழே அந்தத் தாள். நண்பர்களே, ரெண்டையும் பார்க்க முடியவில்லை.

அந்த ஏப்ரல் தேர்விலேயே ரெண்டு பேப்பரையும் முடித்துவிட்டேன். சங்கிலிதான் பாக்கி.

— மூன்றாமாண்டு, இயந்திரவியல்