காத்து லீவு போட்டா..?

நாகர்கோவில்ல திருநெல்வேலி பஸ் ஏறுங்க. ஜன்னல் சீட் முக்கியம்! தோவாளை பூ வாசனை தாண்டினதும் ஆரல்வாய்மொழி கணவாய். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காத்து மலைகளுக்கு நடுவே புகுந்து பறக்கும். முப்பந்தல் காற்றாலைகள் சுத்துறது அதோட தயவுலதான். புகை, தூசி எதுவும் தங்காது.

ஜனவரி, பிப்ரவரியில வந்து பாருங்க. காத்து லீவு! ராத்திரி தரை குளிர, அதை ஒட்டின காத்தும் குளிர்ந்துடும். மேல இருக்கிற வெதுவெதுப்பான காத்து மூடி மாதிரி உட்கார்ந்துக்கும். செங்கல் சூளைப் புகை, சருகு கொளுத்தின புகை, கும்பப்பூ அறுவடைத் தூசி எல்லாம் அடியிலேயே மாட்டிக்கும். விடியக்காலையில வயல் மேல வெள்ளையா தெரியுதே... அத்தனையும் பனி இல்லீங்க!

புகையில 2.5 மைக்ரானுக்கும் சின்ன துகள் உண்டு. தலைமுடி தடிமன்ல சுமார் 30-ல ஒரு பங்கு! மூக்கு தடுக்காது, நுரையீரலோட அடி வரைக்கும் போயிடும். காலையில கிரவுண்டுல ஓடி, மூச்சு வாங்குற உங்களுக்கு இன்னும் அதிகமா போகும்.

வைக்கோலை மாட்டுக்குப் போடத் தெரிஞ்ச ஊர் இது. சருகையும் குழியில போட்டு மட்க வைக்கலாமே? குப்பையில பிளாஸ்டிக் கலந்திருந்தா தீக்குச்சியைத் தொடவே வேணாம். வருஷம் பூரா காத்தே வந்து கூட்டிப் பெருக்குமா பாஸ்?