சல்லடையும் பங்கும்

அட்டன், நுவரெலியாப் பகுதித் தொழிற்சாலைகளிலே உலர்ந்த தேயிலை சல்லடையில் ஏறிப் பருமனுக்கேற்பத் தரம் பிரிகின்றது. கொழும்புப் பங்குச் சந்தையில் அடிக்கடி வாங்கி விற்கும் வர்த்தகன் பங்குகளைத் தெரிவதும் அவ்வாறே. இவ்வுறவு பழையது. 1896 இல் கொழும்பிலே பங்கு வியாபாரம் தொடங்கியபோது கைமாறியவை பெரும்பாலும் தோட்டக் கம்பனிகளின் பங்குகளே.

அவ்வர்த்தகனின் முதற் சல்லடை இலாபமன்று, புழக்கமே. நாளாந்தம் போதிய பங்குகள் கைமாறாவிடின், வாங்கியவன் நினைத்த வேளையில் விற்று வெளியேற இயலாது. 1990களில் பெருந்தோட்டக் கம்பனிகள் தனியார்மயமானபோது, பலவற்றின் 51 வீதப் பங்குகள் ஒரே முதலீட்டாளரைச் சேர்ந்தன. சந்தையில் உலவுவதற்கு எஞ்சியது சொற்பமே. ஆதலின் நல்ல கம்பனியும் இச்சல்லடையில் தங்காது போகலாம்.

அடுத்தது விலையசைவு. மழை, தேயிலை ஏலம், சம்பள அறிவிப்பு ஆகியன விலையை அசைப்பன. 2021 இல் நாட்சம்பளம் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. வர்த்தகனின் ஏட்டில் அது கம்பனியின் செலவு. லயத்திலோ அது அரிசியும் மாவும்.

எனினும், அத்தனியார்மயத்தின்போது 10 வீதப் பங்குகள் ஊழியர்க்கு இலவசமாக ஒதுக்கப்பட்டன. ஆகவே கொழுந்து பறித்த பெண்ணும் பங்குடையவளானாள். சம்பளம் உயர்ந்தால் அவளது பங்கின் மதிப்புத் தாழக்கூடும். பங்கின் மதிப்பு உயர அவளது சம்பளம் தாழவேண்டியிருக்கும். வர்த்தகன் ஒவ்வாத பங்கை மாலைக்குள் விற்று வேறொன்றைத் தெரியலாம். வேலை, வீடு, பங்கு மூன்றும் ஒரே தோட்டத்தில் அமைந்தவளுக்கு அத்தெரிவு வாய்க்கவில்லை.