நல்ல தண்ணியும் காவிப் பல்லும்

பெரம்பலூர் மாவட்டத்தில் பச்சைமலை அடிவாரத்துப் பக்கம், வேப்பந்தட்டை வட்டத்து ஊரொன்றில் அக்காவைக் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு எட்டு வயது. புதிதாக முளைத்த மேல் முன்பற்கள் இரண்டிலும் சுண்ணாம்பு பூசியதுபோல் திட்டுகள், நடுவே காவிக் கோடுகள். சின்னவளுக்கு மூன்று வயது. அவளுடைய பால் பற்களில் ஈறோரமாகக் கறுப்பு. “எந்தப் பொடி போட்டுத் தேச்சா போகும்னு கேட்டுச் சொல்லுடா தம்பி” என்றாள் அக்கா.

ஊரில் இதற்கு ஆளுக்கொரு வைத்தியம் இருந்தது. செங்கல் பொடி என்றார் ஒருவர், சாம்பல் என்றார் இன்னொருவர், எலுமிச்சையும் உப்பும் என்றது அடுத்த வீடு. காரணமும் ஆளுக்கொன்று: மிட்டாய், சரியாகத் தேய்க்காதது, பரம்பரை. பரம்பரை என்ற பேச்சு மட்டும் எனக்கு ஒட்டவில்லை. பிள்ளைகளின் அப்பாயி எழுபதைத் தாண்டியவர். வெற்றிலைக் காவியைச் சுரண்டிவிட்டால் அடியில் பழுதில்லாத வெள்ளைப் பல். மகனுக்கும் அப்படித்தான். பேரனுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

பல் மருத்துவர் முதலில் சின்னவளைப் பார்த்தார். ரத்தசோகைக்காக அவளுக்கு இரும்புச்சத்துச் சொட்டு மருந்து கொடுத்துவந்தார்கள். அந்தக் கறுப்பு பல்லின் மேல் படிந்த கறை, மெருகேற்றினால் போய்விடும். அதற்குப் பயந்து மருந்தை நிறுத்தக் கூடாது. நாக்கின் பின்பக்கமாகச் சொட்டுவிட்டு, உடனே தண்ணீர் குடிக்கக் கொடுத்தால் போதும் என்றார். ஒரு கடைவாய்ப் பல்லில் மட்டும் நிஜச் சொத்தை. பால் புட்டியோடே தூங்கவைக்கும் பழக்கத்தின் விளைவு அது. பிள்ளைகளின் பல் நிறம் மாற இன்னும் காரணங்கள் உண்டு என்று அடுக்கினார். கீழே விழுந்து அடிபட்ட பல் உள்ளே செத்துச் சாம்பல் நிறமாகும். கர்ப்பத்தின் பிற்பாதியிலோ எட்டு வயதுக்குள்ளோ டெட்ராசைக்ளின் மருந்து உள்ளே போனால் பல் மஞ்சளாகவோ பழுப்பாகவோ வரும். பிறந்த குழந்தையின் கடும் மஞ்சள் காமாலை பால் பல்லில் பச்சை ஏற்றிவிடுவதும் உண்டு.

மூத்தவனின் கறை வேறு ரகம். இடது வலது இரு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது, எனாமலுக்குள்ளேயே இருந்தது. ஃப்ளோரோசிஸ் என்றார். பிறகு அவர் கேட்ட கேள்விதான் என் தேடலைத் திசைதிருப்பியது: “இவன் ரெண்டு வயசுல எந்தத் தண்ணி குடிச்சான்?”

ஏழு வயதில் வெளியே எட்டிப்பார்க்கும் நிலைப் பல், பிறந்த சில மாதங்களிலேயே ஈறுக்குள் உருவாகத் தொடங்கிவிடுகிறது. எனாமலைக் கட்டும் செல்கள் அந்த வருடங்களில் அளவுக்கு மீறிய ஃப்ளோரைடைச் சந்தித்தால், எனாமல் முழுதாக இறுகாமல் நுண்துளைகளோடு நின்றுவிடுகிறது. அந்தத் துளைகளில்தான் பிறகு காவி ஏறுகிறது. முன்பற்களுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டரை வயது வரையான காலமே மிகவும் ஆபத்தானது. பால் பற்கள் பெரும்பாலும் கருவிலேயே உருவாகிவிடுவதாலும், தாய்ப்பாலில் ஃப்ளோரைடு மிகக் குறைவு என்பதாலும் அவை அநேகமாகத் தப்பிவிடுகின்றன.

அக்கா யோசித்துச் சொன்னாள். அந்த வயதில் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் பருத்தி எடுக்கவும் மக்காச்சோளத்துக்குக் களை வெட்டவும் போனாள். காட்டில் குடித்தது மோட்டார் கொட்டகைத் தண்ணி. வீட்டுக் குழாயில் வருவதைவிட அது ருசி என்று குடத்தில் பிடித்துக்கொண்டும் வருவார்கள். அப்பாயி சிறுமியாக இருந்த காலத்தில் குடித்ததோ ஊர்ப் பொதுக்கிணறும் ஏரி ஊற்றும். ஆழ்துளைக் கிணறு அவர் கண்டது பேரப்பிள்ளைகள் காலத்துக்குச் சற்று முன்புதான்.

எந்தத் தண்ணீர் குடித்தார்கள் என்ற இந்தக் கேள்வியை முதலில் துரத்தியவர் அமெரிக்கப் பல் மருத்துவர் ஃப்ரெடரிக் மெக்கே. 1901இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊரில் தொழில் தொடங்கியவர், அங்கே வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறையைக் கண்டார். பற்கள் முழுதாக உருவானபின் அங்கே குடியேறியவர்களுக்கு அது வரவில்லை. 1923இல் ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்ற சிற்றூருக்குப் போனபோது, வெந்நீர் ஊற்றொன்றிலிருந்து குழாய் போட்டபின்தான் பிள்ளைகளுக்குக் கறை வந்தது என்று பெற்றோர் சொன்னார்கள். அந்த ஊற்றை விட்டுவிடுங்கள் என்றார். ஊர் கேட்டது. அடுத்து வந்த பிள்ளைகளுக்குக் கறையில்லாமல் பல் முளைத்தது. தண்ணீரில் இருந்த பொருள் எது என்பது 1931இல்தான் தெரிந்தது. ஓர் அலுமினியக் கம்பெனியின் வேதியியலாளர் சர்ச்சில், ஆர்கன்சா மாநிலத்தின் பாக்சைட் என்ற ஊர்த் தண்ணீரில் அது ஃப்ளோரைடு என்று கண்டுபிடித்தார். ஆறே வருடத்தில், 1937இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இதே நோய் எலும்புகளையும் முடக்கியிருப்பதை ஷார்ட் தலைமையிலான மருத்துவர்கள் எழுதினார்கள்.

நான் குடியிருப்பது அரியலூரில். இங்கே எதற்கும் முதலில் பாறையைச் சந்தேகிப்பது வழக்கம். சுமார் 10 கோடி வருடங்களுக்கு முன் கடலாயிருந்த மண் இது. பெரம்பலூர் மாவட்டத்துக் காரையில் அரித்துப்போன களிமண் மேடுகளில் பாஸ்பேட் உருண்டைகள் கிடைக்கின்றன. ஆதிகாலச் சுறாக்களின் பற்களும் கிடைத்திருக்கின்றன. சுறாவின் பல் மேற்பூச்சு ஃப்ளோரபடைட் என்ற ஃப்ளோரைடு கனிமத்தாலேயே ஆனது. கடலடி பாஸ்பேட்டிலும் அதே குடும்பக் கனிமம்தான். சுறாவின் பல்லைக் காக்கும் பொருள் மருமகனின் பல்லைக் கெடுத்ததோ என்று எண்ணத் தோன்றும்.

வேதியியல் வேறு கதை சொல்கிறது. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் ஃப்ளோரைடு அதோடு சேர்ந்து படிந்துவிடும், கரைசலில் அதிகம் தங்காது. காரையில் ஜிப்சம் உண்டு. அரியலூரில் சிமெண்டு ஆலைகளை வரவழைத்த சுண்ணாம்புக்கல் உண்டு. இரண்டும் கால்சியம் தருபவை. அக்கா ஊர் இருக்கும் மேற்குப் பகுதி கடல் படிவமே அல்ல, பழைய கடினப் பாறை. அதிலுள்ள கருப்பு மைக்கா, அபடைட் போன்ற கனிமங்களிலிருந்து ஃப்ளோரைடு கசிகிறது. ஆழத்தில் நீண்ட காலம் பாறையோடு கிடந்து, கால்சியம் குறைந்து சோடியம் பைகார்பனேட் ஏறிய தண்ணீர் அதை வாரிக்கொள்கிறது. அப்படிப்பட்ட தண்ணீரில் சோறு நன்றாக வேகும், பாத்திரத்தில் உப்பு அவ்வளவாகப் படியாது. ஆகவே நல்ல தண்ணி என்று பெயர் வாங்கிவிடும். ஃப்ளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இந்த அளவில் ருசியும் இல்லை. குடத்தில் சுண்ணாம்பு படியவைக்கும் தண்ணீரைச் சபிக்கிறோம், சந்தேகிக்க வேண்டியதோ பல நேரம் மற்றது.

ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டும் இடங்கள் உள்ளவை என்று மத்திய நிலத்தடி நீர் வாரியம் பட்டியலிட்ட தமிழக மாவட்டங்களில் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலத்தோடு பெரம்பலூரும் இருக்கிறது. தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் 2013இல் ஒகேனக்கல் காவிரித் தண்ணீர் வந்தது. அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் உண்டு. ஆனால் மாவட்டப் பட்டியல் ஒரு கிணற்றின் ஜாதகம் ஆகாது. பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளிலேயே அளவு மாறும். கொட்டகைத் தண்ணீரைப் பிடித்துச் சோதனைக்குக் கொடுத்தோம். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் உண்டு. ஊராட்சிகளுக்குக் கொடுத்திருக்கும் பரிசோதனைப் பெட்டியிலும் பார்க்கலாம். சாயத்தின் சிவப்பு மங்கி மஞ்சளை நோக்கிப் போனால் ஃப்ளோரைடு கூடுதல் என்று பொருள். இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. கொட்டகைத் தண்ணீர் அதையும் தாண்டியிருந்தது. வீட்டுக்கு வரும் கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் வரம்புக்குள் இருந்தது.

“காய்ச்சிக் கொடுத்தா சரியாயிடுமா?” என்றாள் அக்கா. ஆகாது. காய்ச்சினால் தண்ணீர் வற்றும், ஃப்ளோரைடு அப்படியே நிற்கும். ஆர்.ஓ. குறைக்கும். படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து தெளியவைக்கும் நல்கொண்டா முறையை நாக்பூரின் நீரி நிறுவனம் உருவாக்கியது. கொள்ளிடத் தண்ணி வீட்டிலேயே வரும்போது அக்காவுக்கு இவை எதுவும் தேவைப்படவில்லை. காட்டுக்குப் போகும்போது அதையே குடத்தில் எடுத்துப் போகிறாள்.

மூத்தவனின் கறை எந்தப் பொடிக்கும் போகாது. செங்கல் எனாமலைத் தேய்க்கும், எலுமிச்சை அரிக்கும். வளர்ந்தபின் மேற்பரப்பை மெல்லத் தேய்த்து எடுத்தோ, பல் நிறப் பூச்சு வைத்தோ சரிசெய்யலாம், அவசரம் இல்லை. அதுவரை பேஸ்டையும் ஒதுக்க வேண்டாம். மூன்று வயதுக்குள் அரிசி அளவு, பிறகு ஆறு வயது வரை பட்டாணி அளவு, விழுங்காமல் துப்பப் பழக்கினால் போதும்.

சின்னவளின் நிலைப் பற்களில் பல இன்னும் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. அவளைப் போன்ற பிள்ளைகளுக்கு அங்கன்வாடியில் மாதாமாதம் எடை எழுதுகிறார்கள். அந்தக் குழந்தை வீட்டிலும் காட்டிலும் குடிக்கும் தண்ணீரின் ஃப்ளோரைடு அளவை அதே பதிவேட்டில் ஒருமுறை எழுதிவைக்க ஆகும் செலவு சொற்பம். பல் முளைத்தபின் கேட்கும் கேள்விக்கு மருத்துவரிடம்தான் பதில் இருக்கும். முளைக்குமுன் கேட்டால் ஊராட்சியே பதில் சொல்லிவிடலாம்.